நான்கு புள்ளி வண்டு எந்தப் பேரினம்? உச்சிப்புளிக் கொல்லை ஒன்றிலிருந்து மோனோலெப்டா நிகழ்வு ஆய்வு

உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய மணல் கொல்லை ஒன்றில் ஐப்பசி மழைக்குப் பின் தட்டைப்பயறு விதைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் பனைமட்டை வேலி, வேலிக்கு அப்பால் சீமைக் கருவேலம், கிணற்றடியில் ஒரு சுரைப் பந்தல். கார்த்திகை நடுவில் பயிர் நான்கைந்து இலை விட்டிருந்த சமயம், இலைகளில் இரண்டு விதமான சேதம் தெரிந்தது. சில இலைகளில் சுத்தமாக வெட்டிய சிறு வட்ட ஓட்டைகள். வேறு சிலவற்றில் பச்சையம் சுரண்டப்பட்டு, நரம்பும் மெல்லிய தோலும் மட்டும் மிஞ்சிய வெளிறிய திட்டுகள். பகலில் இலைமேல் கண்ணில் பட்ட பூச்சி ஒன்றுதான்: 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்புத் தலை, கருத்த முதுகில் நான்கு வெளிர் புள்ளிகள். இரண்டு சேதத்துக்கும் பழி அதன்மேல் விழுந்தது.

அந்த வண்டுக்கு மூன்று பெயர்கள் வந்து சேர்ந்தன. மருந்துக் கடையில் 'தெள்ளு வண்டு' என்றார்கள். கைப்பேசிச் செயலி ஒன்று ஆப்பிரிக்கச் சிற்றினத்தின் பெயரைக் காட்டியது. பயிர்ப் பாதுகாப்புக் கையேடு மோனோலெப்டா சிக்னாட்டா என்றது. மூன்றில் எது சரி, அந்த விடை எந்த உறுப்பில் இருக்கிறது, வட்ட ஓட்டை போட்டது யார் என்பவைதான் இந்த ஆய்வின் கேள்விகள். ஆப்பிரிக்கா இதில் தற்செயலாக நுழையவில்லை. மோனோலெப்டா என்ற பெயர் எந்த வண்டுக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை முடிவு செய்யும் மாதிரிச் சிற்றினம் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் கொல்லை வண்டை அந்தப் பேரினத்தில் வைக்கிறோம் என்றால், அந்த மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் வைக்கிறோம் என்று பொருள்.

பேரினம் எப்படி வீங்கியது, எப்படிச் சுருக்கப்பட்டது

இலை வண்டுகளின் குடும்பம் கிரைசோமெலிடே. அதில் கலெருசினே துணைக் குடும்பம், லூப்பெரினி குலம், அதற்குள் 'மோனோலெப்டைட்ஸ்' எனப்படும் பிரிவு. இந்தப் பிரிவை 1875-இல் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபெலிசியன் ஷாப்புயி. மோனோலெப்டா என்ற பேரினப் பெயர் அதற்கும் முன்னது. பிரெஞ்சுக்காரரான ஷெவ்ரோலா கொடுத்த பெயர், தெஜான் பிரபு வெளியிட்ட வண்டுப் பட்டியலின் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. 1837 என்றே பெரும்பாலும் ஆண்டு குறிக்கப்படும். அதே பட்டியல் 1836-லும் 1837-லும் வெளியானதால் சில நூல்களில் 1836 என்றிருக்கும். பேரினத்தின் மாதிரிச் சிற்றினம் மோனோலெப்டா பயோகுலாட்டா. அதை 1781-இலேயே ஃபப்ரீசியஸ் வேறு பேரினத்தின் கீழ் விவரித்திருந்தார்.

பட்டியலில் பிறந்த பெயர் என்பதால் பேரினத்தின் எல்லை ஆரம்பத்திலிருந்தே தளர்வாக இருந்தது. பின்னங்கால் பாதத்தின் முதல் கணு நீளமாக உள்ள சிறு கலெருசினே வண்டு எது கிடைத்தாலும் அதை மோனோலெப்டாவில் போடுவது வழக்கமாயிற்று. யூலியுஸ் வைசே, மார்ட்டின் ஜேக்கபி, விக்டர் லபோவசியேர், பிரையன்ட் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எழுதிய பலரும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் சிற்றினங்களை அதில் சேர்த்தார்கள். விவரணைகளில் பெரும்பகுதி நிறம்தான்: தலை சிவப்பு, மேலிறகு (முதுகை மூடும் கடினமான முன்னிறகு) கறுப்பு, நுனியில் மஞ்சள் என்று. இப்படிச் சேர்ந்து சேர்ந்து கலெருசினேயிலேயே அதிகச் சிற்றினங்களைக் கொண்ட பேரினமாக மோனோலெப்டா ஆனது.

ஜெர்மனியின் தாமஸ் வாக்னர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆப்பிரிக்கச் சிற்றினங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அதற்கு முன்பே உகாண்டாவின் புடோங்கோ காட்டில் மர உச்சிகளில் பூச்சிமருந்துப் புகை அடித்து வண்டுகளைச் சேகரித்திருந்தார். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கிடந்த மூலமாதிரிகளை, அதாவது முதலில் பெயரிட அடிப்படையாக இருந்த வண்டுகளை எடுத்து, இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்த்து, பகுதி பகுதியாக மறுஆய்வை வெளியிட்டார். அந்த மறுஆய்வில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பகுதிகளைப் பிரித்ததே நிறத்தை வைத்துத்தான்: சிவப்பும் கறுப்பும் கலந்த மேலிறகு கொண்டவை ஒரு பகுதி, முழுச் சிவப்பு வேறொரு பகுதி என்று. பெட்டி பெட்டியாக வண்டு குவிந்திருக்கும்போது வேலையைத் தொடங்க நிறம் போதும். ஆனால் ஒரு சிற்றினம் இன்னொன்றிலிருந்து வேறு என்று தீர்ப்பு எழுதும் இடத்தில் நிறம் பின்னுக்குப் போய் விகித அளவுகளும் ஆண் உறுப்பின் உள்முட்களும் முன்னுக்கு வருகின்றன. இந்த இரண்டு கட்டத்தையும் குழப்பிக்கொள்வதால்தான் இன்றுவரை தவறான பெயர்கள் பிறக்கின்றன.

அந்த வேலையின் விளைவாக மோனோலெப்டாவில் கிடந்த பல சிற்றினங்கள் வெளியேறின. சில புதிய பேரினங்களுக்குப் போயின: 2000-இல் ஆஃப்ரோமக்குலெப்டா, 2002-இல் ஆஃப்ரோகாண்டேசியா, 2005-இல் நியோபாரோம்பியெல்லா. லபோவசியேர் 1925-இல் வைத்த போனேசியோய்டிஸ், ஷாப்புயி 1879-இல் வைத்த காண்டேசியா போன்ற பழைய பேரினங்களும் மறுபடி வரையறுக்கப்பட்டன. 2007-இல் வாக்னர் மாதிரிச் சிற்றினமான பயோகுலாட்டாவையே புதிதாக விவரித்து, அதை ஒட்டிய ஆப்பிரிக்கப் பேரினங்களைப் பிரித்தறியும் திறவுகோலையும் கொடுத்தார். உண்மையான மோனோலெப்டா எது என்று கேட்டால் கைகாட்ட ஓர் அளவுகோல் அதன் பிறகுதான் முழுமையாக வந்தது.

ஆசியப் பக்கம் இந்த அளவு வேலை நடக்கவில்லை. இந்தியாவுக்குப் பழைய ஆதாரம் சமரேந்திர மௌலிக் 1936-இல் வெளியிட்ட கலெருசினே தொகுதி. உறுப்பு ஆய்வு வழக்கத்துக்கு வருமுன் எழுதப்பட்டது என்பதை மனதில் வைத்துப் படித்தால் இன்றும் அது கைவிளக்குத்தான்.

சேகரிப்பு: கடற்கரையில் தவறும் இடங்கள்

நான்கு புள்ளி வண்டு பகலில் இலைமேல் இருக்கும். செடியைத் தொட்டாலோ நிழல் விழுந்தாலோ பிடியை விட்டுத் தரையில் விழும், அல்லது பறந்துவிடும். அதனால் வெயில் ஏறுமுன், பனி உலரும் நேரத்தில், செடிக்குக் கீழே ஒரு மீட்டர் சதுர வெள்ளைத் துணியை விரித்து, குச்சியால் இரண்டு தட்டுத் தட்டி, உறிஞ்சு குழாயால் எடுப்பதே நல்லது. வீச்சு வலை தட்டைப்பயற்றில் அவ்வளவு சரிவராது. கொடி சுற்றும், மணலும் இலைத்துண்டும் சேர்ந்து வண்டின் உணர்கொம்புகளை ஒடித்துவிடும். கொம்பு ஒடிந்த வண்டில் இரண்டாவது, மூன்றாவது கணுக்களை அளக்க முடியாது.

பகலில் மட்டும் சேகரித்ததுதான் இந்தக் கொல்லையில் முதலில் நேர்ந்த பிழை. வட்ட ஓட்டை போடும் பூச்சி பகலில் இலைமேல் இல்லவே இல்லை. இருட்டிய பின் கைவிளக்கோடு அதே வரிசைகளைத் தட்டியபோது 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள மங்கிய பழுப்பு வண்டுகள் துணியில் விழுந்தன. செடி மூட்டில் மண்ணைக் கிளறினால் பகலிலும் கிடைத்தன.

கொல்வதற்கு எத்தில் அசிட்டேட் போதும். பாட்டிலின் அடியில் பிளாஸ்டர் உறையவிட்டு அதில் சில சொட்டு. கடற்கரை வெப்பத்தில் அது சீக்கிரம் ஆவியாகும், பாட்டிலின் உட்சுவரில் ஈரமும் கோக்கும். மெல்லிய காகித நறுக்குகளை உள்ளே போட்டுவைக்காவிட்டால் வண்டு சுவரில் ஒட்டி மேலிறகு விரிந்துவிடும். டிஎன்ஏ வேலைக்கு ஒதுக்கும் வண்டுகளை உயிரோடு நேராக 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். மறுநாள் அந்த எத்தனாலை மாற்றவும் வேண்டும், ஏனென்றால் உடல் நீர் கலந்து செறிவு இறங்கிவிடும். பாட்டிலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வண்டு அடைக்கக் கூடாது. 95 சதவீதத்தில் உடல் விறைத்துப்போவதால் உறுப்பு எடுக்கும்போது வயிறு நொறுங்கும். உறுப்பு ஆய்வுக்கு என்று ஒரு பங்கைத் தனியாக 70 சதவீதத்தில் வைப்பது அவசியம். ஃபார்மலின் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அது தசையை இறுக்கும், டிஎன்ஏவையும் கெடுக்கும்.

ஊசியில் ஏற்றுவதற்கு வண்டு மிகச் சிறியது. தடித்த அட்டையில் முக்கோண நறுக்கு வெட்டி, அதன் கூர் நுனியைச் சற்று வளைத்து, வண்டின் வலப்பக்க மார்பில் ஒரு துளி நீரில் கரையும் பசையால் ஒட்ட வேண்டும். வயிற்றுப் பக்கம் முழுவதும் பசை பரவினால் முன்கால் குழியும் கடைசி வயிற்றுத் தகடும் மறைந்து, அடையாளம் காணவே முடியாமல் போகும். ஊசி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். கறுப்புப் பூச்சு ஊசிகள் உப்புக்காற்றில் பூச்சுக்கு அடியிலேயே அரித்து, ஒருநாள் பெட்டியைத் திறக்கும்போது தலை தனியாக வரும். பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் வறுத்துத் திரும்ப வைக்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் பூஞ்சை ஒரு வாரத்தில் ஏறிவிடும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் கரையை ஒட்டியுள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு வண்டைக்கூட எடுக்கக் கூடாது. இந்த ஆய்வு முழுவதும் பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு நடந்தது.

முதல் பிரிப்பு

சேகரித்ததைக் கண்ணாடித் தட்டில் கொட்டிப் பார்த்ததும் நான்கு குவியலாகப் பிரிந்தது. சுரைப் பந்தலிலிருந்து வந்த ஆரஞ்சு நிற, 6 முதல் 8 மில்லிமீட்டர் வண்டு பூசணி வண்டு, அதாவது ஔலக்கோஃபோரா ஃபோவெய்கோலிஸ். பயற்றில் அது வந்து உட்கார்ந்திருக்கலாம், சேதம் அதனுடையது அல்ல. அடுத்து, தத்தித் தத்திக் குதித்த சில சிறு கறுப்பு வண்டுகள். இவற்றின் பின்தொடை உருண்டு பருத்திருந்தது. உள்ளே குதிப்பதற்கான வில் உறுப்பு இருப்பதன் அடையாளம் அது. தெள்ளு வண்டு என்று சொல்லத் தகுந்தவை இவைதான். நான்கு புள்ளி வண்டின் பின்தொடை மெலிந்தது. கையில் வைத்துச் சீண்டினாலும் அது துள்ளாது. ஆகவே கடைப் பெயர் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. (தெள்ளு வண்டுகளையும் இப்போது கலெருசினேக்குள்ளேயே ஒரு குலமாக வைக்கிறார்கள் என்பதால் உறவு நெருக்கம்தான். அதற்காகப் பெயரை மாற்றிப் போட முடியாது.)

மூன்றாவது குவியல் இரவில் கிடைத்த பழுப்பு வண்டு. ஜேக்கபி 1896-இல் விவரித்த மதுராசியா அப்ஸ்க்யூரெல்லாவோடு அது பொருந்தியது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றின் பழைய எதிரி இது. முதிர்வண்டு இரவில் இலையில் வட்ட ஓட்டை போடும், பகலில் மண்ணில் பதுங்கும். இதன் புழு மண்ணுக்குள் வேர் முடிச்சுகளைத் தின்னும். ஓட்டை போட்ட இலையைவிட, தின்னப்பட்ட முடிச்சு பெரிய இழப்பு. நைட்ரஜன் கிடைக்காமல் பயிர் வெளிறும்போது பலரும் உரக் குறை என்றே நினைத்துவிடுகிறார்கள்.

நான்காவது குவியல், நான்கு புள்ளி வண்டு.

பின்னங்கால்

இலை வண்டுகளில் பழகாதவர்கள் முதலில் முதுகைப் பார்ப்பார்கள். இந்தக் குழுவில் வண்டைத் திருப்பிப் போட்டுப் பின்னங்காலைப் பார்க்க வேண்டும். காலின் மூன்று நீண்ட பகுதிகளைத் தொடை, கெண்டை, பாதம் என்று வைத்துக்கொள்வோம். மோனோலெப்டாவில் பின்பாதத்தின் முதல் கணு கெண்டையின் நீளத்தில் பாதியைத் தாண்டும். பாதத்தின் மீதிக் கணுக்களை எல்லாம் சேர்த்தாலும் அந்த முதல் கணு அளவுக்கு வராது. கெண்டையின் நுனியில் நீளமான ஒரு முள் இருக்கும். இந்த இரண்டையும் 40 மடங்கு பெருக்கத்தில் தெளிவாகப் பார்க்கலாம்.

பார்ப்பது எளிது, அளப்பதில்தான் பிழை நேரும். அட்டையில் ஒட்டிய வண்டின் கால் ஏதாவது ஒரு கோணத்தில் சாய்ந்திருக்கும். சாய்ந்த கெண்டை மேலிருந்து பார்க்கும்போது குட்டையாகத் தெரியும், விகிதம் பொய்யாக ஏறும். காலைத் தொடையோடு கழற்றி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி கிளிசரினில் படுக்கப் போட்டு, கெண்டையின் இரு முனையும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று குவியத்தைச் சரிபார்த்த பின்பே அளக்க வேண்டும். நுண்ணோக்கியின் கண்வில்லை அளவுகோலில் கெண்டை 60 கோடு, முதல் கணு 36 கோடு என்று வந்தால் விகிதம் 0.6. இரண்டு காலையும் அளந்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் பதிய வேண்டும். கழற்றிய காலைச் சிறு குப்பியில் போட்டு அதே ஊசியில் குத்திவைக்க வேண்டும்.

காலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் மூன்று. முன்கால் பொருந்தும் குழி பின்பக்கம் மூடியிருக்க வேண்டும். இதைக் காண, ஊறவைத்து இளக்கிய வண்டில் முன்காலின் அடிக்கணுவை ஊசி முனையால் முன்னோக்கித் தள்ளினால் பின்னால் தகடுகள் கூடியிருப்பது தெரியும். உலர்ந்த வண்டில் தள்ளினால் கால் ஒடியும். மேலிறகின் வெளி ஓரம் கீழ்ப்பக்கமாக மடிந்திருக்கும் பட்டை, முன்பகுதியில் அகன்று, பிறகு சட்டெனக் குறுகிவிட வேண்டும். மூன்றாவது உணர்கொம்பு. இரண்டாவது, மூன்றாவது கணுக்கள் குட்டையானவை. அவை ஒன்றுக்கொன்று என்ன விகிதம், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் என்ன விகிதம் என்பவற்றைச் சேர்த்தே எழுத வேண்டும். கண்ணின் விட்டத்துக்கும் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்துக்கும் உள்ள விகிதம், கழுத்துத் தகட்டின் அகல நீள விகிதம் ஆகியவையும் ஆப்பிரிக்க மறுஆய்வுகளில் தவறாமல் கொடுக்கப்படுபவை. நம் வண்டுக்கும் அதே அளவுகளை எடுத்து வைத்தால் பின்னால் வரும் ஆய்வாளர் நேரடியாக ஒப்பிடலாம்.

கொல்லையின் நான்கு புள்ளி வண்டு கால், முள், குழி, மடிப்புப் பட்டை நான்கிலும் மோனோலெப்டாவின் வரையறைக்குள் வந்தது. ஆசியாவில் மோனோலெப்டாவோடு அடிக்கடி குழப்பப்படும் பேலியோசெஃபாரியா என்ற பேரினம் உண்டு. அதில் ஆண் வண்டின் மேலிறகில், நடுத்தையல் ஓரமாக முன்பகுதியில் ஒரு பள்ளம் இருக்கும். இந்தத் தொகுதியின் ஆண்களில் அப்படிப் பள்ளம் இல்லை. ஆண்களைப் பார்த்த பிறகே இதைச் சொல்ல முடியும். பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பேரினத்தை விலக்கக் கூடாது.

ஆண், பெண் பிரிப்பது கடினமல்ல. வயிற்றின் கடைசித் தகட்டில் ஆணுக்கு இரண்டு வெட்டுகள் இருக்கும், அதனால் விளிம்பு மூன்று மடலாகத் தெரியும். பெண்ணுக்கு விளிம்பு முழுமையாக வளைந்திருக்கும்.

உறுப்பைப் பிரித்தல்

இந்த ஆய்வின் மையம் இங்கேதான். உலர்ந்த வண்டைச் சூடான நீரில் சில நிமிடம் போட்டால் இளகும். வயிற்றை மார்பிலிருந்து ஊசிகளால் மெல்லப் பிரித்தெடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட வேண்டும். 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து மொத்தம் 100 மில்லிலிட்டராக்கினால் அந்தக் கரைசல். காய்ச்சி வடித்த நீர் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தக் கரையின் கிணற்று நீரில் சுண்ணமும் மக்னீசியமும் அதிகம். காரத்தோடு சேர்ந்ததும் வெண்மையாகப் படிந்து, உறுப்பின்மேல் துகள் துகளாக ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர் அதை உள்முட்கள் என்று வரைந்துவிடும் ஆபத்து உண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக் குழம்பாகிவிடும் என்பதால் ஜாடியை இறுக மூடி, வேண்டியதை எடுத்ததும் உடனே எடை பார்க்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கரைசல் வைத்த சிறு குப்பியைக் கொதிநீரில் நிறுத்தினால் 5 முதல் 10 நிமிடத்தில் தசை கரையும். அறை வெப்பத்தில் விட்டால் ஓர் இரவு. அவசரமில்லாதவர்களுக்கு இரவு முறையே பாதுகாப்பானது. சூட்டில் கூடுதலாக விட்டால் உள்ளுறையின் (ஆண் உறுப்புக்குள் இருக்கும் மெல்லிய பையின்) சவ்வு கரைந்து, அதில் பதிந்திருக்கும் முட்கள் இடம் பெயர்ந்து உதிரும். இடம் பெயர்ந்த முள்ளுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் எந்தப் பக்கத்தில் எத்தகைய முள் என்பதே அடையாளம். பிறகு நீரில் ஒரு துளி அசிட்டிக் அமிலம் விட்டுக் கழுவி, கிளிசரினுக்கு மாற்ற வேண்டும்.

கலெருசினே வண்டுகளில் ஆண் உறுப்பு வயிற்றுக்குள் பக்கவாட்டில் படுத்திருக்கும். வெளியே எடுத்ததும் அதே நிலையில் வரைந்துவிட்டால் பக்கத் தோற்றம் மேல் தோற்றமாகப் பதிவாகும். கவட்டை வடிவத் தகட்டைக் கழற்றிவிட்டு, உறுப்பைத் திருப்பி நிமிர்த்தி, மேல், பக்கம், கீழ் என மூன்று தோற்றம் வரைய வேண்டும். உள்ளுறையில் கீழ்ப்பக்க முட்கள், பக்கவாட்டு முட்கள், மேற்பக்க முட்கள் என்று வகைகள் உண்டு. அவற்றின் நீளம், வளைவு, வரிசை ஆகியவற்றைத்தான் ஆப்பிரிக்கச் சிற்றினங்களைப் பிரிக்கப் பயன்படுத்தினார்கள். பெண்ணில் விந்துப்பையின் வடிவத்தையும், கலவிப் பையிலுள்ள முள் பதிந்த சிறு தகடுகளையும் பார்க்க வேண்டும். சவ்வு தெரியாவிட்டால் குளோரசோல் பிளாக் சாயம் ஒரு சிறு தொடுகை போதும். அதிகமானால் எல்லாமே கருத்துவிடும். வேலை முடிந்ததும் உறுப்பைக் கிளிசரின் நுண்குப்பியில் இட்டு, அந்த வண்டின் ஊசியிலேயே குத்திவைக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல வண்டுகளை வேகவைக்கும்போது குப்பிகள் மாறிப்போவது இந்த வேலையின் மிகச் சாதாரணமான, மிக மோசமான விபத்து. ஒரு வண்டு, ஒரு குப்பி, ஒரு எண் என்ற முறை தவிர வேறு காப்பு இல்லை.

புள்ளிகள் சொன்ன பொய்

முதல் பார்வையில் நான்கு புள்ளிக் குவியலையே மூன்று சிற்றினமாகப் பிரிக்கத் தோன்றியது. ஒரு வகையில் புள்ளிகள் நான்கும் தனித்தனியாக, விளிம்பு தெளிவாக இருந்தன. இன்னொன்றில் புள்ளிகள் பரந்து, கறுப்பு நடுவில் ஒரு பட்டையாகக் குறுகியிருந்தது. மூன்றாவதில் முதுகு முழுவதும் வெளிர் பழுப்பு, புள்ளிகள் இருக்கின்றனவா இல்லையா என்றே சொல்ல முடியாத மங்கல்.

மூன்றிலிருந்தும் ஆண்களை எடுத்துப் பிரித்தபோது உறுப்பின் வடிவமும் உள்முட்களின் அமைப்பும் ஒன்றாகவே இருந்தன. கால் விகிதமும் ஒன்றையொன்று தழுவியது. மூன்றாவது வகைக்கு விளக்கம் எளிது: அண்மையில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த இளவண்டு. மேலிறகு இன்னும் இறுகவில்லை, ஊசி முனையால் தொட்டால் பள்ளம் விழுகிறது, உலர்ந்ததும் சுருங்குகிறது. இப்படிப்பட்டவற்றை உயிரோடு இரண்டொரு நாள் இலையோடு வைத்திருந்து நிறம் ஏறிய பின் கொன்றால் குழப்பமே இல்லை. நீண்ட நாள் எத்தனாலில் கிடந்தவையும் மங்கும். புள்ளியின் மஞ்சள் வெளுக்கும், தலையின் செம்மை பழுப்பாகும். ஆகையால் பிடித்த அன்றே உயிரோடு ஒரு படம் எடுத்து அதே எண்ணைக் கொடுப்பது நல்ல பழக்கம்.

நிறம் ஏமாற்றுவது எதிர்த்திசையிலும் நடக்கும். ஆப்பிரிக்காவில் ஒரே சிவப்பு கறுப்புக் கோலம் வெவ்வேறு சிற்றினங்களில், வெவ்வேறு பேரினங்களில்கூட வருகிறது. கைப்பேசிச் செயலி ஆப்பிரிக்கப் பெயரைக் காட்டியதன் காரணமும் இதுவே. அதற்குத் தெரிந்தது முதுகின் படம் மட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். 2007-இன் ஆப்பிரிக்கத் திறவுகோல் கையில் கிடைத்ததும் நம் வண்டை அதில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். திறவுகோல் எதையாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தத்தான் செய்யும். அது ஆப்பிரிக்கப் பேரினங்களுக்கு எழுதப்பட்டது. பேலியோசெஃபாரியா போன்ற ஆசியப் பேரினங்களுக்கு அதில் இடமில்லை. பயோகுலாட்டாவின் விவரணையைப் பேரின இலக்கணமாக எடுத்துக்கொள்ளலாம். சிற்றினப் பெயரை அங்கே தேடக் கூடாது. அதற்கு மௌலிக்கின் இந்தியத் தொகுதி, அதன்பின் இந்தியாவில் பெயரிடப்பட்ட வண்டுகளோடு நேர் ஒப்பீடு.

எழுதிய பெயர்

அந்த வழியில் போனபோது, ஒவ்வொரு மேலிறகிலும் அடியில் ஒன்றும் நுனிப்பக்கம் ஒன்றுமாகப் புள்ளி கொண்ட, பல பயிர் தின்னும் இந்திய வண்டான, ஒலிவியே 1808-இல் விவரித்த மோனோலெப்டா சிக்னாட்டா என்ற இடத்தில் தொகுதி முழுவதும் வந்து நின்றது. கையேடு சொன்ன பெயர்தான் சரி. ஆனால் பெயர்ச்சீட்டில் 'மௌலிக் 1936-இன் பொருளில்' என்றும், பேரினத்துக்குப் பக்கத்தில் 'பரந்த பொருளில்' என்றும் சேர்த்து எழுதப்பட்டது. ஆசியச் சிற்றினங்களையும் ஆப்பிரிக்காவில் செய்தது போல ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் வேலை நடந்தால், சில இந்த பேரினத்தை விட்டுப் போகலாம். அன்று இந்தச் சீட்டைப் படிப்பவருக்கு, எந்த அளவுகோலை வைத்து இந்தப் பெயர் எழுதப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஊசியில் இரண்டு சீட்டு. முதலாவதில் நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், ஜிபிஎஸ் அளவு, நாள், செடி, பிடித்த முறை, பிடித்தவர். இரண்டாவதில் பெயர், பெயரிட்டவர், ஆண்டு. 'தட்டைப்பயறு' என்று மட்டும் எழுதாமல், 'இலையைத் தின்றுகொண்டிருந்தபோது' அல்லது 'தட்டியபோது விழுந்தது' என்று பிரித்து எழுத வேண்டும். வந்து உட்கார்ந்த செடி எல்லாம் உணவுச் செடி ஆகாது. எத்தனால் குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதலாம். பந்துமுனைப் பேனா மை ஒரே வாரத்தில் கரைந்து, வண்டு அநாதையாகிவிடும்.

ஒப்பீட்டுக்காக வண்டை வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்ப நினைத்தால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும். சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் நடைமுறையைப் பார்த்து அனுமதி பெறாமல் அஞ்சலில் போடக் கூடாது. முழு ஊசித் தொகுதி இந்தியாவிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியம் ஒன்றில் இருக்க வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு உறுப்பின் நல்ல படங்களும் அளவுகளும் அனுப்பினாலே பதில் கிடைக்கும்.

கொல்லைக்கு என்ன கிடைத்தது

சுரண்டல் திட்டு மோனோலெப்டாவின் வேலை, வட்ட ஓட்டை மதுராசியாவின் வேலை என்று பிரிந்ததும் கவனிப்பும் மாறியது. மோனோலெப்டா பலசெடி தின்னி. வரப்புக் களையிலும் பக்கத்துப் பயிரிலும் பெருகிக்கொண்டு தட்டைப்பயற்றுக்கு வரும். வரப்பைச் சுத்தம் செய்து, பகல் கணக்கெடுப்பை இலைமேல் நடத்தினால் போதும். மதுராசியாவுக்குப் பகலில் இலைமேல் எண்ணினால் பூஜ்யம்தான் வரும். இரவில் தட்டிப் பார்க்க வேண்டும், இல்லையெனில் செடியை மண்ணோடு தோண்டி முடிச்சைப் பார்க்க வேண்டும். பகலில் இலைமேல் மருந்து தெளித்தால், மண்ணில் பதுங்கியிருக்கும் அதைத் தொடவே தொடாது. கடையில் சொன்ன தெள்ளு வண்டு மருந்தை அந்த நேரத்தில் அடித்திருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

மோனோலெப்டாவின் புழு மண்ணில் வேர் தின்று வளர்வது. இந்தக் கொல்லையில் அது தட்டைப்பயற்றின் வேரிலா, வரப்புப் புல்லின் வேரிலா என்பதற்கு விடை, இரண்டின் வேர்மண்ணையும் தனித்தனிச் சட்டியில் எடுத்து, மெல்லிய வலை கட்டி மூடி, மண் காயாமல் நன்னீர் தெளித்து, வெளிவரும் வண்டுகளைச் சட்டி வாரியாக எண்ணி, மேலே சொன்ன முறையில் உறுப்பைப் பிரித்துப் பெயர் எழுதுவதில் இருக்கிறது. சட்டிக்குக் கொல்லைக் கிணற்று நீரை ஊற்றக் கூடாது. உப்பு ஏறி வேர் கருகினால் புழுவும் பட்டினியில் சாகும், வெறும் சட்டியைப் பார்த்து இங்கே புழு இல்லை என்று எழுதிவிட நேரும். அடுத்த ஐப்பசி மழைக்குப் பின் முளை வந்த மூன்றாம் வாரத்திலிருந்து மண் எடுக்கத் தொடங்கலாம்.